அரிவாள் செல் நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஹீமோகுளோபின் வகை பார்ப்பது என் வேலை. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வெளியே நிற்பவர்கள் கேட்பது ஒரு ரகம்: இது தொற்றுமா, கல்யாணம் பண்ணலாமா, மாத்திரை போட்டால் போய்விடுமா. உயிர்வேதியியல் படிக்கிற பிள்ளைகள் கேட்பது இன்னொரு ரகம். இரண்டுக்கும் பதில் ஒரே மூலக்கூறில்தான் இருக்கிறது என்பதால் சேர்த்தே எழுதிவிட்டேன். யாருக்கு என்ன மருந்து என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அரிவாள் செல் நோய் என்பது என்ன?

நம் இரத்தச் சிவப்பணு நடுவில் குழிந்த வட்டத் தட்டு போல இருக்கும். அதற்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்திருக்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடலெங்கும் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. இந்த நோய் உள்ளவர்களிடம் ஹீமோகுளோபின் சற்று மாறியிருக்கும். ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, அணுவை உள்ளிருந்து தள்ளி, கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைத்துவிடும். வளைந்த அணு நுண்குழாய்களில் சிக்கும், சீக்கிரம் உடையும்.

பெற்றோரிடமிருந்து வரும் நோய் இது. தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

முதலில் இதைக் கண்டவர் யார்?

கரீபியக் கடலில் உள்ள கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்கப் போனவர் வால்டர் கிளெமென்ட் நோயெல். 1904-இல் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்த அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர் எர்னஸ்ட் ஐயன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர். வழக்கத்துக்கு மாறாக நீண்டு வளைந்த அணுக்களைக் கண்டு தன் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். 1910-இல் கட்டுரை ஹெரிக்கின் பெயரில் வந்தது. பார்த்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் இன்னொருவர் என்பது ஆய்வகங்களில் புதிதல்ல! நோயெல் படிப்பை முடித்து ஊர் திரும்பி, பல் மருத்துவராகத் தொழில் செய்து, 1916-இல் நிமோனியாவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32.

ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே குடும்பங்கள் இந்த வலியோடு வாழ்ந்து வந்தன. 1910 என்பது நுண்ணோக்கி வழியாகக் கண்டு எழுதி வைத்த ஆண்டு மட்டுமே.

'மூலக்கூறு நோய்' என்று இதைச் சொல்வது ஏன்?

அந்தச் சொல் பிறந்ததே இந்த நோயிலிருந்துதான். 1945-இல் வில்லியம் காசில் என்ற மருத்துவர் பேச்சுவாக்கில் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கிடம் இதைப் பற்றிச் சொன்னார். ஆக்சிஜன் குறையும்போது மட்டும் அணு வளைகிறது என்று கேட்டதும் பாலிங்குக்குப் பொறி தட்டியது. ஆக்சிஜனோடு சம்பந்தப்பட்டது ஹீமோகுளோபின், ஆகவே கோளாறு அணுவில் இல்லை, அதற்குள் இருக்கும் மூலக்கூறில்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

ஊகம் அவருடையது, உழைப்பு ஹார்வி இட்டானோவினுடையது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1942-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சிறந்த மாணவருக்கான பதக்கம் இவருக்குக் கிடைத்தது, ஆனால் வாங்கிக்கொள்ள மேடைக்கு வர முடியவில்லை. போரை முன்னிட்டு ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்து வைத்திருந்த நேரம் அது. பிறகு மருத்துவம் முடித்து பாலிங்கிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

நோயாளியின் ஹீமோகுளோபினையும் மற்றவருடையதையும் மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. மின்னூட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது என்று இதற்குப் பொருள். நோயில்லாமல் அந்தக் குணத்தை மட்டும் சுமப்பவர்களிடம் இரண்டு வகையும் கலந்திருந்தன. 1949-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே இதை மூலக்கூறு நோய் என்று அழைத்தது. மருத்துவ வரலாற்றில் ஒரு நோயின் காரணத்தைக் குறிப்பிட்ட ஒரு புரதத்தின் மேல் கைவைத்துக் காட்டியது அதுவே முதல் முறை.

சரி, அந்தப் புரதத்தில் எது மாறியிருக்கிறது?

அதற்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் என்பவர் ஹீமோகுளோபினை டிரிப்சின் நொதியால் சிறு துண்டுகளாக வெட்டினார். வந்த கலவையை ஒரு தாளின் மேல் ஒரு திசையில் மின்சாரத்தாலும், அதற்குச் செங்குத்தான திசையில் கரைப்பானாலும் பரப்பினார். சுமார் 30 புள்ளிகள் கோலம் போட்டது போலத் தாளில் விழுந்தன. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல இருக்க, ஒன்று மட்டும் இடம் மாறிக் கிடந்தது. அது 1956. அடுத்த ஆண்டு அந்தத் துண்டை மேலும் பிரித்து, குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார். ஹீமோகுளோபினின் இரு வகைச் சங்கிலிகளில் ஒன்றான பீட்டா சங்கிலியில் அது 6-ஆம் இடம்.

பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உண்டு. அதில் ஒன்றுதான் மாறியிருக்கிறது. டிஎன்ஏவில் பார்த்தால், 11-ஆம் குரோமோசோமில் 'ஜி ஏ ஜி' என்ற மூன்றெழுத்து 'ஜி டி ஜி' ஆகிவிட்டது. ஓர் எழுத்துப் பிழை.

ஒரு குறிப்பு: புதிய மரபணு ரிப்போர்ட்களில் 6 என்பதற்குப் பதில் 7-ஆம் இடம் என்று இருக்கும். சங்கிலி உருவாகும்போது முதலில் சேர்ந்து பிறகு வெட்டப்படும் மெத்தியோனினையும் இப்போது எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். வேறு நோய் வந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

ஓர் அமினோ அமிலம் மாறியதற்கு முழு அணுவும் எப்படி வளைகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் கொண்டது, தண்ணீரோடு சிநேகமானது. வேலின் எண்ணெய்க் குணம் கொண்டது, தண்ணீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். அது மூலக்கூறின் வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒதுங்க ஓர் இடம் வேண்டும். ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின் தன் உருவத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும். அப்போது பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் எண்ணெய்க் குணம் கொண்ட ஒரு சிறு குழி வாகாக அமைகிறது. வேலின் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த மூலக்கூறின் வேலின் அடுத்ததன் குழிக்குள், அப்படியே அதற்கடுத்தது. சரம் நீள்கிறது. 14 சரங்கள் முறுக்கிக்கொண்டு ஓர் இழையாகின்றன. கயிறு திரிப்பது போலத்தான்.

ஆக்சிஜன் ஏறியதும் குழி கலைந்து இழை பிரிந்துவிடும். அணு மறுபடி வட்டமாகிவிடும். ஆனால் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, கடைசியில் அதன் சவ்வு கெட்டுப்போய் நிமிரவே முடியாத நிலை வரும். சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாளில் முடிந்துவிடும். இரத்தசோகை அதனால்தான்.

இதில் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் போன உடனே இழை உருவாகிவிடாது. சில மூலக்கூறுகள் கூடி ஒரு கரு அமைய வேண்டும், அதுவரை ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு மளமளவென்று வளரும். சிவப்பணு நுண்குழாயைக் கடக்க எடுப்பது ஒரு விநாடி அளவுதான். இழை உருவாவதற்குள் அது தப்பித்து நுரையீரலுக்குத் திரும்பிவிட்டால் பிரச்சினை இல்லை. காத்திருப்பு நேரம் குறைந்தால் குழாய்க்குள்ளேயே வளைந்து மாட்டிக்கொள்ளும்.

அந்தக் காத்திருப்பு நேரம் அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை அபாரமாகச் சார்ந்தது. செறிவின் ஏறத்தாழ 30-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்று அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால், செறிவு 2 சதவீதம் கூடினாலே நேரம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். "தண்ணீர் நிறையக் குடி" என்று மருத்துவர் சொல்வதை வாய்வார்த்தை என்று நினைப்பவர்கள் இந்த 30-ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம். உடலில் நீர் வற்றினால் அணுவிலும் வற்றும்.

வலி ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது?

குழாய் அடைபட்டதும் அதற்கு அப்பால் உள்ள திசு ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிறது. எலும்பு, முதுகு, மார்பு, வயிறு என எங்கும் வரலாம். சிறு குழந்தைகளுக்குக் கையும் காலும் வீங்குவது பல நேரம் முதல் அறிகுறி. அணுக்கள் ஒட்டும் தன்மை பெற்று இரத்தக் குழாயின் சுவரில் ஒட்டுவதும், உடைந்த அணுவிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுவதும் நிலைமையை இன்னும் மோசமாக்குகின்றன.

வெளியே காயம் தெரியாததால் "நடிக்கிறான்" என்ற பேச்சை இந்த நோயாளிகள் உலகம் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். வலியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. நோயாளி சொல்வதுதான் அளவு.

எல்லாருக்கும் ஒரே பிழை என்றால், ஒருவர் 60 வயது வரை வாழ, இன்னொரு குழந்தை 5 வயதில் ஏன் இறக்கிறது?

முக்கியமான துப்பு 1948-இலேயே கிடைத்துவிட்டது. ஜானெட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர், பிறந்த குழந்தைகளின் இரத்தம் அவ்வளவாக வளைவதில்லை என்று கவனித்தார். கருவில் இருக்கும்போது நமக்கு ஹீமோகுளோபின் எஃப் என்ற தனி வகை ஓடுகிறது. அதில் பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி. அது இழையில் சேராது, சேர வருவதையும் கெடுத்துவிடும். பிறந்து சில மாதங்களில் உடல் அதை நிறுத்திவிட்டு பீட்டாவுக்கு மாறும். நோயும் அப்போதுதான் தலைகாட்டும்.

சிலருக்கு எஃப் முழுதாக நிற்பதில்லை. இந்தியாவிலும் சவுதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படும் அரபு-இந்திய வகை மரபணுப் பின்னணி உள்ளவர்கள் பலருக்குப் பெரியவர்களான பிறகும் எஃப் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூடவே ஆல்ஃபா தலசீமியா (ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலி குறைவாக உருவாகும் பரம்பரைக் கோளாறு) இருந்தால் அணுவுக்குள் செறிவு குறைந்து நோய் சற்றுத் தணியும். இதனால் "இந்தியாவில் இது லேசான நோய்" என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்பதில்லை. மத்திய இந்தியாவில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. சராசரி லேசாக இருப்பதால் கட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு என்ன லாபம்?

தமிழ்நாட்டில் இந்த நோய் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்த இடங்களில் ஒன்றே நீலகிரிதான். 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்பஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்து எழுதினார்கள். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. இருளர், பனியர், குறும்பர் போன்றோரிடம் அதிகம் காணப்படுகிறது. பழங்குடியினருக்கு மட்டும் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். வயநாடன் செட்டிமாரிடமும் உண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்கள் அரசுத் திட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்த நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்த்து வந்தவை.

இவ்வளவு கெடுதல் செய்யும் மரபணு ஏன் அழியாமல் இருக்கிறது?

மலேரியா. 1954-இல் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வு, மாறிய மரபணுவை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற, அதாவது ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என்று காட்டியது. கொசுவும் காடும் இருந்த இடங்களில் அந்த ஒரு பிரதி பிள்ளைகளைக் காப்பாற்றியது. இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கணக்குப் பண்ணக் கூடாது, அவர்களுக்கு மலேரியா வந்தால் மிகவும் ஆபத்து.

என்னென்ன பரிசோதனைகள் இருக்கின்றன? எது போதும்?

முகாம்களில் முதலில் செய்வது கரைதிறன் பரிசோதனை. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் இரத்தத்தை விட்டால் எஸ் வகை (அரிவாள் செல் ஹீமோகுளோபின்) கரையாமல் கலங்கிவிடும். குழாய்க்குப் பின்னால் பிடித்த கறுப்புக் கோடுகள் தெரியாது. மலிவு, ஐந்து நிமிட வேலை. ஆனால் ஒரு பிரதியா, இரண்டா என்று சொல்லாது. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளிடமும் கடும் இரத்தசோகையிலும் ஏமாற்றிவிடும். "பாசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பப்பட்டு, நோயே இல்லாமல் பத்து வருடம் நோயாளியாக வாழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது எலெக்ட்ரோபோரெசிஸ், இட்டானோ செய்ததன் எளிய வடிவம். காரக் கரைசலில் ஓட்டும்போது எஸ் நிற்கும் இடத்திலேயே பஞ்சாபில் அதிகம் காணப்படும் டி வகையும் நிற்கும். இரண்டும் வேறு வேறு. கரைதிறன் பரிசோதனையைச் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இன்று பெரும்பாலும் நம்புவது ஹெச்பிஎல்சி. ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று எண்ணிக்கொடுக்கும். மின்சாரமும் ஏசி அறையும் இல்லாத மலைக் கிராமங்களுக்கு, கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற சிறு பட்டைகள் வந்துவிட்டன. விரல்நுனி இரத்தத்தில் ஏ (வழக்கமான ஹீமோகுளோபின்), எஸ் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுவதால் ஒரு பிரதியா, இரண்டா என்பதும் அங்கேயே தெரியும்.

எதற்கும் மேலே டிஎன்ஏ பரிசோதனை. 1978-இல் கான், டோசி இருவரும் கருவில் உள்ள குழந்தைக்கு இந்த நோய் உண்டா என்று டிஎன்ஏவை வைத்துச் சொல்லும் வழியைக் காட்டினார்கள். 1985-இல் வந்த இன்னொரு கட்டுரை, குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் பெருக்கி அரிவாள் செல் நோயைக் கண்டறியும் முறையை விவரித்தது. அந்தப் பெருக்கும் முறைக்குப் பெயர் பிசிஆர். ஆம், கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே பிசிஆர், உலகுக்கு அறிமுகமானது இந்த நோயைக் கண்டறியும் வழியாகத்தான்.

என் ரிப்போர்ட்டில் 'ஏஎஸ்' என்று இருக்கிறது. 'எஸ்எஸ்' என்றால் என்ன?

ஏஎஸ் என்றால் ஒரு பிரதி, நீங்கள் கேரியர். ஹெச்பிஎல்சியில் எஸ் 30 முதல் 40 சதவீதம், ஏ அதைவிட அதிகம். இது நோயல்ல, சிகிச்சை வேண்டாம். மிகக் கடுமையான உடற்பயிற்சியிலும் மிக உயரமான மலையேற்றத்திலும் எச்சரிக்கையாக இருந்தால் போதும். எஸ்எஸ் என்றால் இரண்டு பிரதி: ஏ இருக்காது, எஸ் பெரும்பங்கு, மீதியில் எஃப்.

குழப்பம் வருவது மூன்றாவது ஒன்றில். ஒரு பக்கம் எஸ், இன்னொரு பக்கம் பீட்டா தலசீமியா. இதிலும் எஸ் ஏயைவிட அதிகமாக இருக்கும், சில சமயம் ஏ இருக்கவே இருக்காது. பார்த்தால் எஸ்எஸ் போலத் தெரியும். ஏ2 (எல்லாரிடமும் சிறிதளவு இருக்கும் இன்னொரு ஹீமோகுளோபின் வகை) அளவு, சிவப்பணுவின் பருமன், அப்பா அம்மாவின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். அதனால்தான் பரிசோதனைக்கூடத்தில் "பெற்றோரையும் கூட்டி வாருங்கள்" என்கிறோம். கடந்த 3 மாதத்துக்குள் இரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லிவிடுங்கள். கொடுத்தவரின் ஏ உங்கள் முகடுகளில் கலந்து நிற்கும், ரிப்போர்ட் பொய்யாகிவிடும்.

இரத்தசோகை என்கிறார்கள், இரும்புச்சத்து மாத்திரை போடலாமா?

பார்க்காமல் போடக் கூடாது. இங்கே அணு உடைவதுதான் பிரச்சினை, இரும்பு உடலுக்குள்ளேயே தங்குகிறது. அடிக்கடி இரத்தம் ஏற்றுபவர்களுக்கு இரும்பு மிஞ்சிப்போய் ஈரலைக் கெடுக்கும். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்துக் குறைவு என்று தெரிந்தால் மட்டும். வழக்கமாகக் கொடுப்பது ஃபோலிக் அமிலம்.

எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை சரியாகக் காட்டுமா?

எஸ்எஸ் உள்ளவர்களுக்குக் காட்டாது. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணு 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட அளவு. பத்து இருபது நாளில் செத்துப்போகும் அணுவில் சர்க்கரை சேர அவகாசம் ஏது? குறைவாகக் காட்டி ஏமாற்றும். நேரடி இரத்தச் சர்க்கரையைத்தான் நம்ப வேண்டும்.

நோய் எவ்வளவு ஆபத்தான கட்டத்தில் இருக்கிறது என்று அளக்க முடியுமா?

ஓர் ஆபத்தை அழகாக அளக்க முடிந்தது: குழந்தைகளுக்கு வரும் பக்கவாதம். மண்டையோட்டின் மேல் ஒரு டாப்ளர் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் தமனியில் இரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பார்கள். குழாய் குறுகினால் வேகம் கூடும், தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுவது போல. வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முறையாக இரத்தம் ஏற்றிவந்தால் பக்கவாதம் 90 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. வலியில்லை, ஊசியில்லை, கதிர்வீச்சும் இல்லை. 2 முதல் 16 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் இது எல்லா இடத்திலும் கிடைக்காததுதான் எனக்குப் பெரிய குறை.

தவறாக அளந்த கதையும் உண்டு. வாக்ஸெலோட்டர் என்ற மருந்து ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாமல் பிடித்துவைக்க உதவும். ஆக்சிஜன் இருந்தால் இழை வராது. மேலே சொன்ன மூலக்கூறுக் கதைக்கு அச்சாகப் பொருந்திய மருந்து. ஹீமோகுளோபின் அளவு ஏறுகிறது என்பதை வைத்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024 செப்டம்பரில் பிஃபைசர் நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. பிறகு வந்த தரவுகளில் மருந்து எடுத்தவர்களிடம் வலி நெருக்கடிகளும் இறப்புகளும் கவலைப்படும்படி இருந்தன. ரிப்போர்ட்டில் எண் ஏறியது உண்மை. அந்த எண்ணை வைத்து நோயாளியின் நிலையைக் கணித்ததுதான் பிசகிவிட்டது.

அப்படியானால் எந்த மருந்து உண்மையில் உதவுகிறது?

இரண்டு பழைய மருந்துகள். ஒன்று பெனிசிலின். இந்தக் குழந்தைகளின் மண்ணீரல் சிறு வயதிலேயே சிதைந்துவிடுவதால் நிமோகாக்கஸ் கிருமி இரத்தத்தில் புகுந்து சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். தினமும் இரு வேளை பெனிசிலின் கொடுத்தால் இந்தத் தொற்று 84 சதவீதம் குறைகிறது என்று 1986-இல் ஓர் ஆய்வு காட்டியது. முடிவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கச் சொன்னார்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசியும் தவறக் கூடாது.

இன்னொன்று ஹைட்ராக்சியூரியா. இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து, அடங்கிப்போன எஃப் உற்பத்தியை மறுபடி தூண்டிவிடும். 1995-இல் வெளியான ஆய்வில், மருந்து எடுக்காதவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 ஆக இருந்த வலி நெருக்கடி, எடுத்தவர்களுக்கு 2.5 ஆக இருந்தது. 'புற்றுநோய் மாத்திரை' என்று கேட்டதும் பயந்து நிறுத்துபவர்கள் நிறைய. அளவோடு, இரத்த அணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே எடுத்தால் பல ஆண்டு பாதுகாப்பாக எடுக்கலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முழுதாகக் குணமாக்க வழி?

எலும்பு மஜ்ஜை மாற்றினால் குணமாகும் என்பது தற்செயலாகத் தெரிந்தது. இரத்தப் புற்றுநோய்க்காக மாற்று சிகிச்சை பெற்ற ஒரு சிறுமிக்கு அரிவாள் செல் நோயும் இருந்தது. இரண்டுமே போய்விட்டதாக 1984-இல் எழுதினார்கள். பொருந்தும் உடன்பிறப்பு வேண்டும் என்பதுதான் சிக்கல்.

பிறகு வந்தது மரபணுத் திருத்தம். எஃப் உற்பத்தியை நிறுத்தும் சுவிட்ச் எது என்ற தேடலில் 2008 வாக்கில் பிசிஎல்11ஏ என்ற மரபணு பிடிபட்டது. சிவப்பணுக்களில் மட்டும் அதை முடுக்கும் பகுதியை கிரிஸ்பர் என்ற மூலக்கூறுக் கத்தரியால் வெட்டிவிட்டால் எஃப் திரும்பி வரும். எழுத்துப் பிழையைத் தொடுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். பழைய, நல்ல ஹீமோகுளோபினை மறுபடி எழுப்பி விடுகிறார்கள், அவ்வளவுதான். கேஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. ஆய்வில் கணக்கிட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு கடும் வலி நெருக்கடி வரவில்லை. விலை 22 லட்சம் டாலர். அதற்கு முன் மஜ்ஜையைக் காலி செய்யக் கடுமையான கீமோதெரபி. பாலிங்கின் கட்டுரையிலிருந்து கணக்கிட்டால் 74 ஆண்டுகள்.

கேரியர் என்றால் கல்யாணம் பண்ணக் கூடாதா?

தாராளமாகப் பண்ணலாம். இருவரும் கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுவது தப்பு, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சீட்டுக் குலுக்கல். ஒருவர் மட்டும் கேரியர், மற்றவரிடம் எஸ் பிரதியே இல்லை என்றால் எஸ்எஸ் வராது. ஆனால் மற்றவருக்குத் தலசீமியா கேரியர் நிலை இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே கருவின் டிஎன்ஏவைப் பரிசோதிக்கலாம். சேர்ந்து முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த இருவர்.

1968-இல் இதே பாலிங், கேரியர்களின் நெற்றியில் பச்சை குத்திவிட்டால் இருவர் தெரியாமல் காதலிக்க மாட்டார்கள் என்று எழுதினார். மூலக்கூறை அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், மனிதரைப் பார்க்கத் தவறிவிட்டார். 1970-களில் அமெரிக்காவில் நடந்த பரிசோதனை இயக்கத்தில் நோயே இல்லாத கேரியர்களுக்கு வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. இந்தியா 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதித்து அட்டை கொடுக்கும் திட்டம். தமிழ்நாடும் அதில் உண்டு. அட்டை நல்லதுதான். அதோடு சேர்த்து, கேரியர் என்பது நோயல்ல என்பதை அவரவர் மொழியில் உட்கார்ந்து விளக்க ஓர் ஆள் இல்லையென்றால், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவதற்கு மட்டும்தான் அது பயன்படும்.

அரசு உதவி ஏதும் உண்டா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அரிவாள் செல் நோயும் ஒன்று. சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கேரியர்களுக்கு இது பொருந்தாது.

குழந்தைக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் நாங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 101 டிகிரியைத் தொட்டால் கஷாயம், கைவைத்தியம் என்று காத்திருக்காமல் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். இரவாக இருந்தாலும் சரி.

அப்புறம் மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்குத் திடீரென்று இரத்தம் முழுக்க மண்ணீரலில் போய்த் தேங்கி, சில மணி நேரத்தில் வெளிறிச் சுருண்டுவிடுவார்கள். ஜமைக்காவில் இதற்காக அம்மாக்களுக்கு மண்ணீரலைத் தடவிப் பார்க்கப் பழக்கினார்கள். பெரிதாகிவிட்டது என்று அம்மாவே கண்டு தூக்கி வரத் தொடங்கியதும், இந்த நிலையில் ஏற்படும் இறப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. செவிலியரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பார். குழந்தையைப் படுக்க வைத்து, இடது பக்க விலாவுக்குக் கீழே விரல்களை மெதுவாக வைத்து, மூச்சை இழுக்கும்போது விரலில் ஏதாவது வந்து முட்டுகிறதா என்று பாருங்கள். நன்றாக இருக்கும் நாளிலேயே தினமும் தொட்டுப் பழகுங்கள். அப்போதுதான் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பது உங்கள் கைக்குத் தெரியும்.